பத்தாயிரத்துக்குள்ள டேப்லெட்: எங்க கை வெச்சிருக்காங்க?

[திரையில்: டேப்லெட் டப்பா. "16 ஜிபி ராம்" என்ற எழுத்து பெரிதாக]

வணக்கம். பத்து இஞ்ச் ஸ்க்ரீன், 16 ஜிபி ராம், விலை பத்தாயிரத்துக்கும் கீழ. கேட்கவே ஜில்லுனு இருக்குல்ல? டப்பாவைத் திருப்பி பொடி எழுத்தைப் படிங்க.

[திரையில்: "4 + 12"]

ராம்னா ஆப் ஓடும்போது வேலை நடக்கிற நினைவகம். நிஜ ராம் 4 ஜிபிதான். மிச்ச 12, ஸ்டோரேஜ்கிட்ட வாங்கின கைமாத்து. இந்த விலையில ஸ்டோரேஜ் பெரும்பாலும் இஎம்எம்சிங்கிற மலிவான, மெதுவான வகை. அதுல 5.1 வகைக்கே உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. ராம் ஓடுறது நொடிக்குப் பல ஜிபி கணக்குல. அடுப்பு மேடையில இடம் பத்தலைன்னு பாத்திரத்தைப் பரண்ல ஏத்துற மாதிரி: இடம் இருக்கு, ஆனா ஒவ்வொரு தடவையும் ஏணி போடணும்.

2011-ல வந்த ஆகாஷ் டேப்லெட் ஞாபகம் இருக்கா? மாணவர்களுக்கு 35 டாலர்ல தர்றோம்னு மத்திய அரசு வெளியிட்டது. 256 எம்பி ராம், ரெசிஸ்டிவ் டச். தடவினா நகராது, அழுத்தணும். அதோட குறை தொட்ட உடனே தெரிஞ்சுடும். இன்னைக்கு டச் அருமையா இருக்கு. கடையில நின்னு பாத்தா தெரியாத இடமா பாத்து கை வெக்கிறாங்க.

அப்படி ஒரு இடம்தான் வைட்வைன். ஓடிடி படங்களைத் திருட்டுத்தனமா காப்பி எடுக்காம இருக்கப் போடுற பூட்டு. அதுல எல்1, எல்3-ன்னு நிலைகள் உண்டு. எல்1 இருந்தா, பூட்டைத் திறக்கிற வேலை சிப்புக்குள்ள பாதுகாப்பான பகுதியில நடக்கும், எச்டி கிடைக்கும். எல்3-ன்னா வெறும் சாஃப்ட்வேர் பூட்டு. நெட்ஃப்ளிக்ஸ் அதை நம்பி எச்டி தராது. ஸ்க்ரீன் ஃபுல் எச்டியா இருந்தாலும் படம் கலங்கலாத்தான் வரும். யூட்யூப்ல வழக்கமான வீடியோக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடைக்காரர் டெமோவுக்கு யூட்யூப் போட்டுக் காட்டினா, இது தெரியவே தெரியாது!

[திரையில்: தமிழ்ப் பாடப்புத்தக பிடிஎஃப், பெரிதாக்கிய காட்சி]

பசங்க படிக்கவா? 1280x800 ஸ்க்ரீன் பத்து இஞ்ச்ல வந்தா, ஒரு இஞ்சுக்கு சுமார் 150 பிக்சல்தான். பொடி எழுத்துல மெய்யெழுத்தோட புள்ளி மங்கும், 'கி'யும் 'கீ'யும் குழப்பும். அதே 1280x800 எட்டு இஞ்ச்ல வந்தா 189. பெருசா வாங்குறதைவிட சின்னதா வாங்குறது சில சமயம் தெளிவு.

பாட்டிக்கு வீடியோ கால், குழந்தைக்குக் கார்ட்டூன்னா, நிஜ ராம் 4 ஜிபி இருக்கறதா பாத்து தாராளமா வாங்கலாம். கேமுக்கா? வேண்டாம்.

வந்த அன்னைக்கே ரெண்டு வேலை. நெட்ஃப்ளிக்ஸ் ஆப் செட்டிங்ஸ்ல பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் பகுதியில எல்1-ஆ எல்3-ஆன்னு பாருங்க. அப்புறம் டேப்லெட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட் தேதி. புது டப்பாவுலயே ஒரு வருஷத்துக்கு முந்தின தேதி இருந்தா, அதுல பேங்க் ஆப் போடாதீங்க. ரிட்டர்ன் நாள் முடியற வரைக்கும் டப்பாவைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடவும் வேண்டாம்.