முதலில் காற்று, அப்புறம் குழல்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தையும் மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தையும் அண்ணாந்து பார்க்காதவர் நம் சீமையில் குறைவு. அந்த மாதிரிக் கிறிஸ்தவக் கோயிலுக்குள், குழல்களில் காற்று ஊதி ஒலிக்கிற பழைய குழல் ஆர்கன் ஒன்று இருந்தால், அது முனக ஆரம்பித்த பிறகுதான் அதைத் திரும்பிப் பார்ப்போம். உடனே எல்லாருக்கும் குழல் மேலேதான் சந்தேகம். பாவம், குழல் ஒன்றும் செய்யவில்லை. கெட்டது காற்று.

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். ஆர்கனுக்குள் இருப்பதும் அதன் பங்காளிதான். கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, நடுவில் மடிப்பு மடிப்பாக ஆட்டுத்தோல். மேற்பலகை மேல் இரும்புப் பாளங்கள். அந்தப் பாரம்தான் காற்றின் அழுத்தம். கைப்பிடி அடித்து நிரப்பினாலும் மோட்டார் போட்டு நிரப்பினாலும் பாரம் மாறாதவரை நாதம் மாறாது.

இனி நடப்பதைக் கேளுங்கள். மடிப்பின் மூலையில் தோல் விடும். எலி கடித்திருக்கும், இல்லை காய்ந்து வெடித்திருக்கும். பத்து விரலும் பதிந்தால் சுரம் தொய்யும். யாரோ ஒருவர் மேற்பலகையில் இரண்டு செங்கல் வைப்பார். சரியான மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு. இப்போது குழல்கள் கத்தும். கத்தலை அடக்க இன்னொருவர் கத்தியோடு வந்து குழலின் மேலுதட்டை, அதாவது வாய்த் திறப்புக்கு மேலே உள்ள தகட்டு ஓரத்தை, சீவிவிடுவார். அதோடு போச்சு. செங்கல்லை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சீவின உதட்டைத் திரும்ப வளர்க்க முடியாது. பழுது தெரிந்தவர் ஈயமும் வெள்ளீயமும் கலந்த புதுத் தகட்டை அந்த இடத்தில் பற்றவைத்தால்தான் உண்டு.

ஆகவே முதல் வேலை அளப்பது. கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் போதும். அதை வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையைக் குழல்களுக்கு அடியில் இருக்கிற காற்றுப்பெட்டியில் சொருகுங்கள். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. ஏறினதை மட்டும் அளந்து பாதிக் கணக்கோடு வருகிறவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த சாதாரண ஆர்கனுக்கு 3 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 4, 4½ காட்டினால், பிறகு யாரோ பாரம் ஏற்றினார்களா என்று பாருங்கள். பழைய பாளம் எது, பின்னால் வந்தது எது என்று அடியில் படிந்த தூசியே சொல்லும்.

ஆனால் தோலை மாற்றாமல் பாரத்தை எடுக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், தோல் முதலில். பழைய தோலை வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்து உரியுங்கள். புதுத்தோலின் ஓரத்தை இழைத்து மெல்லிசாக்கி, தச்சர்களின் வஜ்ஜிரப் பசையால் ஒட்டுங்கள். வஜ்ஜிரச் சட்டியை வெந்நீருக்குள் வைத்து, 60 டிகிரி அளவில் காய்ச்ச வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். வெள்ளைப் பசை வேண்டாம். அடுத்த தடவை தோல் மாற்றுகிறவர் மரத்தையே சுரண்ட வேண்டி வரும்.

கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் ஊதிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப்பெட்டிக்குள், அந்தக் குழலுக்குக் காற்றைத் திறந்து அடைக்கிற மூடியில் ஒரு மணல் சிக்கியிருக்கும். தேரிக்காட்டுச் செம்மண் பறக்கிற ஊர்களில் இதைச் சொல்லவே வேண்டாம்!

சுருதிக்கு வருவோம். திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்தின் உயர்ந்த சுருதி இறங்கி, பாரி என்ற நீள நாதஸ்வரம் வந்த கதை, நாதஸ்வர வித்வான் காருகுறிச்சியார் வாசிப்பைக் கேட்ட உங்களுக்குத் தெரியும். விக்டோரியா காலத்து ஆர்கன்களும் பல, திமிரி மாதிரி, இன்றைய 440 ஹெர்ட்ஸுக்கு மேலே, 450-ஐத் தாண்டி இருந்தவை. கீபோர்டோடு சேர வேண்டும் என்று தலையில் வளையம் மாட்டிக் குழலை நீட்டி இறக்கியிருப்பார்கள். அந்த வளையத்தைக் கழற்றுவதா, விடுவதா என்று சபை கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். என் கட்சி கழற்றுவது. இதற்குக் காரணம் சொல்லத் தொடங்கினால் இன்னொரு உரை ஆகும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உள்ளே ஒரு உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கிற ரீடு குழல்களைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிகிரி சூடு ஏறினால் சாதாரணக் குழலின் சுருதி சுமார் 3 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு, ஏறும். ரீடு அநேகமாக அசையாது. மே மாத மத்தியானம் சேர்த்த சுருதி மார்கழிக் காலை ஆராதனையில் விலகிப்போகும். ஆராதனை நடக்கிற வேளையிலேயே சேருங்கள். சேர்க்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஓடினால் நாதம் நடுங்கும். வணக்கம்.