லெவிப் பணமும் குளத்து வண்டலும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் எஸ்டேட்டில் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம் என்றால் குளத்தைப் பற்றி இரண்டு கேள்வி கட்டாயம் வரும். நடுவில் ஃபவுண்டன் எப்போது வைப்பீர்கள் என்பது ஒன்று. அந்த நாற்றம் எப்போது போகும் என்பது இன்னொன்று. ஃபவுண்டனுக்குக் கை தூக்கச் சொன்னால் மண்டபம் முழுக்கக் கை. வண்டல் வாரப் பணம் ஒதுக்கலாமா என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் சமோசா மேசைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். குளக் கமிட்டியில் சில வருடங்களாக இருப்பவன் நான். அந்த வண்டலுக்காகப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம், உம்லாங்கா, டோங்காட் பக்கம் இன்றைக்குக் கேட் போட்ட குடியிருப்புகள் நிற்கிற நிலம் ஒரு காலத்தில் முழுக்கக் கரும்பு. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்களே, அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்பு வெட்டிய மண். தோட்டக் காலத்து டேம் இருந்த சில இடங்களில் இப்போது அதைச் சுற்றி வீடுகள். மற்றக் குளங்கள் வீடு கட்டிய கம்பெனிகள் புதிதாக வெட்டியவை. விளம்பரத்தாளில் ஏரியைப் பார்த்த வீடு என்று போட்டிருப்பார்கள். இன்ஜினியரின் வரைபடத்தைப் பிரித்தால் அதே குளம் மழைநீர் வடிகாலில் ஒரு பகுதியாக இருக்கும். கரும்பு நின்ற நிலம் மழையைக் குடிக்கும். கூரையும் தார் ரோடும் குடிக்காது. பெய்வதெல்லாம் ஒரே மூச்சில் ஓடிக் கீழே இருக்கிறவர்கள் மேல் விழாமல், கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெதுவாக விடத்தான் அந்தக் குளம். வாத்தும் பெஞ்சும் பிறகு வந்தவை.

1998ஆம் வருடத் தேசிய நீர்ச் சட்டப்படி இந்த நாட்டில் தண்ணீருக்கு அரசுதான் மக்கள் சார்பில் அறங்காவலர். தனியார் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சங்கத்துக்கு வந்து சேர்வது கரையும் அணைச்சுவரும், அவற்றுக்கான பொறுப்பும்தான். சுவர் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்து, குளமும் 50,000 கனமீட்டருக்கு மேல் கொள்வதாக இருந்தால், அதை நீர்த் துறையில் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் குளம் அந்தக் கணக்கில் வருமா என்று கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். பல இடத்தில் முழிப்பார்கள். சின்னக் குளமானாலும் மண் சுவர் மண் சுவர்தான். அதன்மேல் மரம் நடக் கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, வேர் போன வழியெல்லாம் தண்ணீர் போக வழியாகிவிடும். நிழலுக்கு இரண்டு மரம் வைத்தால் என்ன என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார். நானும் சளைக்காமல் வேண்டாம் என்பேன்.

கலிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற வழி. எங்கள் கலிங்கில் யாரோ ஒருவர் கம்பி வலை கட்டியிருந்தார். தான் விட்ட மீன் வெள்ளத்தோடு போய்விடக் கூடாதாம். ஒரு ராத்திரி நல்ல மழை. கோரைத் தட்டை, ரொட்டிப் பை, ஒரு குழந்தையின் செருப்பு, கோக் பாட்டில் என்று வந்து வந்து வலையில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுவரின் தலையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. செக்யூரிட்டிக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துப் போன் செய்தார். இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிக் கம்பியை வெட்டினார்கள். மண் சுவர் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தால் அரித்துக்கொண்டே போயிருக்கும், நிறுத்த முடியாது. எங்கள் மதிலுக்கு வெளியே, அந்த ஓடையின் கரையில், தகர வீடுகள் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கலிங்கில் வலை கட்ட ஒருவருக்கு மனம் வருகிறது என்றால், குளம் எதற்காக இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, பச்சைக்கு வருவோம். ஆகாயத் தாமரை. ஊதாப் பூவோடு பார்க்க லட்சணமாக இருக்கும். அமேசான் பக்கத்துச் செடி. சத்துள்ள தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு பங்காகிவிடும், விதையோ அடிச் சேற்றில் 20 வருடம் காத்திருக்கும். இந்த நாட்டுச் சட்டப்படி அது இருக்கிற இடத்தின் சொந்தக்காரர் அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். வீட்டை விற்கிறவரும், தன் நிலத்தில் பட்டியலில் உள்ள இந்த மாதிரி அந்நியச் செடி இருந்தால் வாங்குகிறவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

உடனே மருந்தடிக்கச் சொல்வார்கள். மொத்தமாக அடித்தால் செடியெல்லாம் ஒரே நேரத்தில் செத்து அடியில் அழுகும். அழுகுகிறது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலை குளத்துப் பக்கம் நடந்தால் மீன்கள் வாயை மேலே வைத்துக் காற்றுக்குத் திணறுவது தெரியும். ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சு விட்டிருக்கும், அதனால் ஆக்சிஜன் ரொம்பக் குறைவது அந்த நேரம்தான். பத்து மணிக்கு வருகிறவர் கண்ணில் மிதக்கிற மீன் மட்டும் படும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் போடுவார்.

பூச்சியை விடுவது இன்னொரு வழி. நியோகெட்டினா என்ற கூன்வண்டைத் தென்னாப்பிரிக்காவில் 1974இலேயே விட்டார்கள். இலையை வட்ட வட்டமாகச் சுரண்டித் தின்னும், புழு தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். 2013இல் மெகாமெலஸ் என்ற ஒரு தத்துப்பூச்சியும் வந்தது. ஹார்ட்பீஸ்புவர்ட் அணையில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் இதை லட்சக்கணக்கில் வளர்த்து விட்டார்கள். கரையில் குடியிருந்தவர்களும் தொட்டி வைத்துப் பூச்சி வளர்த்துக் கொடுத்தார்கள். ஆகாயத் தாமரை நன்றாகவே அடங்கியது. அடங்கின இடத்தில் என்ன வந்தது தெரியுமா? சால்வீனியா என்ற சின்ன மிதக்கும் செடி. அதற்கு வேறொரு வண்டு விட வேண்டியிருந்தது. பூச்சியின் மேல் குற்றம் இல்லை. மேலேயிருந்து சாக்கடையும் உரமும் வந்துகொண்டே இருந்தால், ஒன்று போனால் இன்னொன்று முளைக்கத்தான் செய்யும்.

அதனால்தான் கமிட்டியில் நான் ஓயாமல் சொல்வது, குளத்தைப் பார்க்காதீர்கள், வரத்துக்காலைப் பாருங்கள் என்று. எங்கெங்கே இருந்து தண்ணீர் உள்ளே வருகிறது? மழை பெய்கிறபோது குடையோடு போய் ஒவ்வொரு குழாய் வாயிலும் நிற்க வேண்டும். ஒன்றில் செம்மண் வரும், மேலே எங்கேயோ வீடு கட்டுகிறார்கள். ஒன்றில் சோப்பு நுரை. ஒன்றில் மழை விட்ட பிறகும் சாம்பல் நிறத்தில் கசிந்துகொண்டே இருக்கும், அது சாக்கடை மேன்ஹோல் பொங்குகிறது என்பதற்கு அடையாளம். உடனே நகராட்சிக்குப் போன் செய்து புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டுப் புல்தரையும் இதில் சேர்த்திதான். கடையில் 2:3:2 என்று மூட்டை விற்கிறார்களே, அதில் நடு எண் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். குளத்துப் பாசிக்கு அதுதான் விருந்து. ஏற்கெனவே வளர்ந்த புல்லுக்கு அவ்வளவு மணிச்சத்து தேவையே இல்லை. மழைக்கு முதல் நாள் தூவினால் பாதி குளத்துக்குத்தான். வாத்துக்குப் போடுகிற ரொட்டியும் கடைசியில் உரம்தான். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தாத்தாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் நம்மவர்களிடம்தான் சொல்ல முடியும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும் கரகத்துப் பூ, வேப்பிலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் தண்ணீரில் விடுகிற வழக்கம் நமக்கு உண்டு. எங்கள் குளத்தில் பிளாஸ்டிக் தட்டோடும் வெள்ளிக் காகிதத்தோடும் விட்டிருந்தார்கள். வாரப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, எங்க ஆயா காலத்துல உம்கேனி ஆத்துல விடலையா? ஆறு செத்தா போச்சு?" "அது ஓடுற தண்ணி அக்கா, இது நிக்கிற தண்ணி" என்றேன். பிறகு கமிட்டியும் பூசாரியும் பேசி, கரை ஓரத்தில் ஒரு குழி தோண்டி, கும்பத்துத் தண்ணீரை மட்டும் குளத்தில் சேர்ப்பது, பூவையும் இலையையும் குழியில் போட்டு மண் தள்ளுவது என்று முடிவானது. குழியை அலங்கரித்துக் கோலம் போட்டதே அந்த அக்காதான்.

இப்போது வண்டல். அளப்பது சுலபம். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், ஒரு சின்னப் படகு. குழாயை மெதுவாக இறக்கினால் மெத்தென்று ஒன்று தட்டும், அது வண்டலின் மேல்பக்கம். அழுத்தினால் இறங்கிக்கொண்டே போய்க் கெட்டியாக நிற்கும், அது பழைய தரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளம் இழந்த ஆழம். வரத்துக்கால் வாய்ப்பக்கம் அது அதிகமாக இருக்கும். அந்த வாயிலேயே ஒரு சின்னக் குட்டை வெட்டி, மண்ணை அங்கேயே தங்க வைத்து அடிக்கடி வாரினால் செலவு தாங்கும். குளம் முழுக்கத் தூர்ந்த பிறகு வாருவது என்றால் இயந்திரம், லாரி, வாரின சேற்றைக் கொட்ட அனுமதியுள்ள இடம் என்று தலை சுற்றும்.

அந்தப் பணம் ஒரே வருட லெவியில், அதாவது வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டுகிற பணத்தில், வராது. அடுக்கு வீடுகளுக்கான சட்டம் பத்து வருடப் பராமரிப்புத் திட்டமும் ஒதுக்கு நிதியும் வைக்கச் சொல்கிறது. தனி வீடுகள் மட்டும் உள்ள சங்கத்தை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் இல்லாததால் பலர் வைப்பதில்லை. லெவியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோம் என்ற பயம் வேறு.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் வருடங்கள். குடவோலையில் தேர்ந்தெடுத்த ஏரி வாரியம், 6 பேர், 360 நாள் பதவி. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்தான் நிற்கலாம். அதாவது வீட்டுக்காரர்கள் சங்கம்தான். நம் ஜனநாயகம் ஆயிரம் வருடம் பழையது என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்க இது நன்றாக உதவுகிறது. எனக்குப் பிடித்தது அதில் வேறொரு வரி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கணக்கு விஷயத்தில் அவ்வளவு கறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நாம் போடுவது குளத்தில். குளத்துக்கென்று தனிக் கணக்கு வைத்து, வந்தது போனதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். லெவி ஏற்றும்போது சண்டை பாதியாகக் குறையும், எங்களுக்குக் குறைந்தது.

மீதிப் பாதிச் சண்டைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. குடியிருப்புச் சங்கங்களுக்கான குறைதீர்ப்பு அமைப்பு 2016 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. மாத லெவி 500 ரேண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 40 ரேண்ட், அதற்காக நம்மிடமே வசூலிக்கிறார்கள். கட்டுகிற காசுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். சங்கத்தின் விதி என்னைக் கட்டுப்படுத்தாது என்கிறவர்களுக்கு, மவுண்ட் எட்ஜ்கோம் எஸ்டேட் வழக்கில் 2019இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். அது உள்ரோட்டில் வேகமாகப் போனதற்கு அபராதம் போட்ட வழக்கு. வீடு வாங்கும்போது நீங்களே ஒத்துக்கொண்ட ஒப்பந்தம் அது என்றது நீதிமன்றம். குளத்து விதிக்கும் அதே நியாயம்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் மதிலுக்கு வெளியே நம் விதி செல்லாது, தண்ணீருக்கோ மதில் தெரியாது. டர்பனின் எதெக்வினி நகராட்சியின் சிக்லான்ஸிம்வேலோ திட்டத்தில் ஓடைக்கரை மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து சம்பளத்துக்கு ஓடையைச் சுத்தம் செய்கிறார்கள். நம் மேல்பக்கத்து ஓடையில் அவர்கள் வேலை செய்கிறார்களா என்று விசாரியுங்கள். செய்தால் அவர்களுக்குக் கையுறை, குப்பைப் பை, மத்தியானச் சாப்பாடு கொடுக்கலாம். ஃபவுண்டன் மோட்டாருக்கு ஆகிற மின்சாரச் செலவில் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். குளத்தில் பிள்ளைகளை இறக்கி விளையாட விடாதீர்கள், இந்தக் கடற்கரைப் பக்கம் நன்னீர் நத்தை வழியாக பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வரும். அப்புறம், குளத்தில் முதலை என்று செக்யூரிட்டிக்குப் போன் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது லெகுவான், நம் ஊர் உடும்புக்குத் தண்ணீரில் இருக்கிற உறவுக்காரன். கரையில் வெயில் காய்ந்துவிட்டு அதுவாகவே தண்ணீருக்குள் போய்விடும். நாயை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.