வீட்டு டயல்-அப் சர்வர்: அழைப்பவருக்கு எந்த முகவரி?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். மேசையில் பாருங்கள்: இரண்டு பழைய மோடம்கள், நடுவில் வீட்டுக்குள் மட்டும் ஓடும் ஒரு சிறிய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், இந்தப் பக்கம் லினக்ஸ் சர்வர். வேகம் 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. பெட்டியில் 56 என்று அச்சிட்டிருந்தாலும், அதற்குச் சர்வர் பக்கம் டிஜிட்டல் இணைப்பு வேண்டும். அது போகட்டும்; மோடம் வழியே அழைத்து இந்தச் சர்வரில் இணையும் கணினிக்கு நெட்வொர்க் முகவரியை (ஐபி முகவரி) எப்படிக் கொடுப்பது என்று இன்று பேசுவோம்.

முகவரிகளைத் தானாக வழங்கும் முறையான டிஎச்சிபியைப் பலர் இங்கே தேடுகிறார்கள். தேவையே இல்லை. தொலைபேசிக் கம்பி வழியே இரு கணினிகளை இணைக்கும் நெறிமுறை பிபிபி. அந்த இணைப்புக்குள், முகவரியை முடிவு செய்ய ஐபிசிபி என்ற பேச்சுவார்த்தை நடக்கிறது. அழைக்கும் கணினி "என் முகவரி 0.0.0.0" என்கிறது, அதாவது, என்னிடம் எதுவும் இல்லை, நீயே கொடு. சர்வர் அதை மறுக்கிறது. மறுக்கும்போதே 192.168.1.201 என்று எழுதியும் அனுப்புகிறது. அழைத்த கணினி அதையே திரும்பக் கேட்க, சர்வர் ஒப்புக்கொள்கிறது. மறுப்பதன் மூலமாகவே கொடுக்கும் இந்த ஏற்பாடு எவ்வளவு அழகு!

சர்வரில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: 192.168.1.10:192.168.1.201. முக்காற்புள்ளிக்கு முன்னால் சர்வரின் முகவரி, பின்னால் அழைப்பவருடையது. எல்லா மோடங்களுக்கும் பொதுவான பிபிபி அமைப்புக் கோப்பில் எழுதாதீர்கள். மோடம் செருகியிருக்கும் சீரியல் போர்ட்டுக்குரிய கோப்பில் எழுதுங்கள். இன்னொரு மோடம் சேர்த்தால் அதற்கு 202. இப்படிச் செய்தால் முகவரி ஆளுக்கு அல்ல, மோடத்துக்கு உரியது. உங்கள் ரவுட்டர் 100 முதல் 199 வரை தானாக வழங்குகிறதென்றால் 200க்கு மேலே எடுங்கள். ஒரே எண் இருவரிடம் போய்விட்டால் இருவருக்கும் தொல்லை.

இனிமேல்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அழைத்த கணினியிலிருந்து சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது, வீட்டு நெட்வொர்க்கிலுள்ள அச்சுப்பொறியிடமிருந்து மட்டும் பதில் வருவதில்லை. ஏன்? சாட்ஸ்வொர்த்தின் பழைய முகவரிகளில் சாலைக்கும் எண், வீட்டுக்கும் எண். இங்கும் அப்படியே: 192.168.1 என்பது சாலை எண், கடைசி எண் வீட்டு எண். ஒரே சாலை எண் என்பதால் அச்சுப்பொறி ரவுட்டரிடம் போவதில்லை, தெருவில் நின்றே "201 யார்?" என்று கூவுகிறது. 201 இருப்பதோ தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில். அந்தக் குரல் அங்கே எட்டாது. அதனால் அதே கோப்பில் 'புராக்ஸிஆர்ப்' என்ற சொல்லைச் சேர்க்கிறோம். இப்போது சர்வர் "என்னிடம் கொடு" என்று 201 சார்பில் பதில் சொல்லும். வந்ததை மறுபக்கம் தள்ளிவிட, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கின் மதிப்பு 1 ஆக இருக்கவேண்டும்.

அழைப்பவர்களுக்கு 192.168.5 என்று தனித் தொகுதியே கொடுக்கலாம். அப்போது புராக்ஸிஆர்ப் வேண்டாம். ஆனால் அந்தத் தொகுதிக்குச் சர்வர் வழியாகப் போகவேண்டும் என்று ரவுட்டரில் வழி எழுதவேண்டும். மோடம்கள் நிறைய இருந்தால் அதுவே ஒழுங்கு. ஒன்றிரண்டு மோடம் உள்ள வீட்டுக்கு முதல் முறையே போதும் என்பது என் உறுதியான கருத்து.

அழைக்கும் கணினியில் எண் எதையும் நிரப்பாதீர்கள். 'சர்வர் வழங்கும் முகவரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைந்ததும் முதலில் சர்வருக்கு, அடுத்து அச்சுப்பொறிக்குப் பிங் அனுப்புங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.