பதில் வராத அழைப்பும் கோப்புப் பூட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பல கணினிகள் ஒரே சர்வரில் உள்ள கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் என்எஃப்எஸ் முறையை 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியபோது, எந்தக் கிளையன்ட் (கோப்பைக் கேட்கும் கணினி) எந்தக் கோப்பை வைத்திருக்கிறது என்ற நினைவைச் சர்வரின் தலையில் சுமத்தக் கூடாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. ஆனால் ஒருவர் பயன்படுத்தும் கோப்பை அதே நேரத்தில் இன்னொருவர் மாற்றிவிடாமல் தடுக்கும் பூட்டு என்பதே நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. ஆகவே அந்தப் பொறுப்பு என்எல்எம் என்ற தனி நெறிமுறையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்பிசி, அதாவது வேறொரு கணினியில் உள்ள செயல்முறையை வலைப்பின்னல் வழியே அழைக்கும் முறையில், அதற்கு 100021 என்ற நிரல் எண்ணும் உண்டு.

சாதாரண ஆர்பிசி அழைப்பில், கேட்டவர் பதில் வரும்வரை காத்திருப்பார்; வரவில்லையென்றால் ஆர்பிசி அடுக்கே மீண்டும் கேட்கும். என்எல்எம்மில் இதற்கு இணையாக ஒருவழி அழைப்புகளும் உள்ளன. செயல்முறை எண் 6 முதல் 10 வரை உள்ளவை கோரிக்கைகள், 11 முதல் 15 வரை உள்ளவை அவற்றின் முடிவுகள். கோரிக்கைக்கு ஆர்பிசி பதில் கிடையாது. முடிவு எதிர்த்திசையில் வேறொரு புதிய அழைப்பாக வந்து சேரும். எந்த முடிவு எந்தக் கோரிக்கைக்கு உரியது என்பதை, இரண்டிலும் இடம்பெறும் குக்கி என்ற அடையாளத் துணுக்கே காட்டும்.

இந்த ஏற்பாடு காத்திருப்பை ஒழித்துவிட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். என் பார்வையில் அது காத்திருப்பை இடம் மாற்றியது, அவ்வளவுதான். ஒப்புகை அட்டை இல்லாமல் கடிதம் அனுப்பியவர் போய்ச் சேர்ந்ததா என்று தாமே விசாரிக்க வேண்டியிருப்பதுபோல, மறு அனுப்புதல், இரட்டைக் கோரிக்கை, தொலைந்த முடிவு ஆகிய அனைத்தும் பூட்டு நிர்வாகியின் (என்எல்எம்மை இயக்கும் நிரலின்) கணக்கில் வந்து சேர்கின்றன. ஒருவழி அழைப்பைப் பெறும் நிரல், பழக்கத்தின் காரணமாக ஒரு வெற்றுப் பதிலை அனுப்பினாலும் சிக்கல்தான்: அனுப்பியவர் அழைப்பை அனுப்பிய போர்ட்டை (வலைப்பின்னல் வாயிலை) மூடியிருந்தால், பதில் அங்கே கேட்பாரற்றுப் போகும்.

மிகவும் நுட்பமான இடம் எண் 10, அதாவது 'பூட்டு கிடைத்துவிட்டது' என்று சர்வர் கிளையன்டுக்குச் சொல்லும் அழைப்பு. முதலில் 'காத்திரு' என்ற விடையைப் பெற்ற கிளையன்டுக்கு, கோப்பு விடுபட்டவுடன் இது வருகிறது. கிளையன்ட் எண் 15 மூலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பு வழியில் தொலைந்துவிட்டால் சர்வர் மீண்டும் சொல்லும். ஆனால் கிளையன்ட் அதற்குள் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அந்தக் கோரிக்கையை நீக்கியிருக்கும். 'நான் எதையும் கேட்கவில்லையே' என்று அது மறுத்துவிட்டால், உண்மையில் கையில் இருக்கும் பூட்டைச் சர்வர் பறித்து வேறொருவருக்குக் கொடுக்கும் அபாயம் உண்டு. மாறாக, கேட்ட நிரல் இடையில் நிறுத்தப்பட்டிருந்தால், அந்த மறுப்பே சரியான விடை. அதைச் சர்வர் பொருட்படுத்தாவிட்டால் உரிமையாளர் இல்லாத பூட்டு ஒன்று கோப்பின்மீது தங்கிவிடும். ஆகவே காத்திருக்கும் கோரிக்கையை மட்டுமல்லாமல், ஏற்கெனவே பெற்ற பூட்டுகளையும் பார்த்த பிறகே கிளையன்ட் விடை சொல்ல வேண்டும்.

2000ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 3010 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வழியாக வெளியான என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு, பூட்டைக் கோப்பு நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்து, கிளையன்ட் புதுப்பிக்காவிட்டால் பூட்டு காலாவதியாகும் குத்தகைக் காலம் ஒன்றையும் விதித்தது. மூன்றாம் பதிப்பில் இயங்கும் அமைப்புகளுக்கு என்எல்எம் இன்னும் தேவைப்படுகிறது. அங்கே பூட்டு கிடைக்காமல் நிரல்கள் தேங்கி நின்றால், வலைப்பின்னல் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து பாருங்கள்: சர்வரிலிருந்து எண் 10 திரும்பத் திரும்பப் புறப்பட்டும் எண் 15 ஒருமுறைகூட வரவில்லையென்றால், முதலில் சோதிக்க வேண்டியது கிளையன்ட் பக்கத்து ஃபயர்வாலைத்தான்.