ஒரு பாறையின் பெயர் பரவிய விதம்

(குன்னூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கு வரும் வழியில் தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றின் முன் சற்று நின்றேன். கொப்பரைக்குள் இலையை அமுக்கித் திணித்து மூடி, அடியில் காய்ந்த சருகையே எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த யூகலிப்டஸ் மரத்தை நாம் கற்பூர மரம் என்கிறோம். மலையிறங்கிக் கன்னட நாட்டுக்கோ வடக்கேயோ சென்றால், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அதே மரத்திற்கு 'நீலகிரி' என்றே பெயர். மலையில் வாழும் நாம் அவ்வாறு அழைப்பதில்லை; தொலைவில் இருப்பவர்களே அழைக்கிறார்கள். ஓர் இடத்தின் பெயரைப் பரப்புபவர்கள் பெரும்பாலும் வெளியில் நிற்பவர்களே என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதற்கு ராக்காலை விடத் தெளிவான சான்றை நான் அறியேன். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுகளுக்கு மேற்கே, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, வட அட்லாண்டிக் கடலில் தனித்து நிற்கும் பாறை அது. உயரம் சுமார் 17 மீட்டர். அகலம் இந்த மண்டபத்தின் நீளத்தைத் தாண்டாது. குடிநீர் இல்லை, ஊர் இல்லை. புயற்காலத்தில் அலை அதன் தலைக்கு மேலேறிப் போகும். 1955ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையினர் ஹெலிகாப்டரில் வந்திறங்கி, கொடியேற்றித் தகடு பதித்துத் தமதாக்கினர். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஸ்காட்லாந்துடன் சேர்த்தது.

தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத அந்தப் பாறையின் பெயர், அதனடியில் பரந்துகிடக்கும் கடலடி மேட்டுக்கும், அதற்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஆழ்கடல் பள்ளத்திற்கும், அங்கு வெட்டியெடுத்த கருங்கல் வகைக்கும் ஆகிவிட்டது. பிரிட்டிஷ் வானொலியின் கடல் வானிலை அறிக்கையில் "ஷானன், ராக்கால், மாலின், ஹெப்ரிடீஸ்" என்று வரிசையாக வாசிக்கும்போது, கேட்கும் மாலுமி பாறையை நினைப்பதில்லை. காற்றும் அலையுமாக விரிந்த ஒரு பெருங்கடற்பரப்பையே நினைக்கிறார். அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைக் குறித்துப் "பாலை இறக்கு" என்கிறோமே, உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதைக் கொண்டிருக்கும் இடத்திற்கு ஆகிவரும் அந்தத் தானியாகுபெயரின் இயல்புதான் இதுவும். அத்தனை பெரிய நீர்ப்பரப்பில் விரல் நீட்டிக் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாதபோது, வரைபடம் எழுதுபவர் அந்த ஒற்றைக் கல்லைத்தான் பற்றிக்கொள்ள முடியும்.

நாம் நிற்கும் கல்லுக்கும் இப்படியொரு கதை உண்டு. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் அடக்கமான, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து கல் போகவில்லை. சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பக்கத்துக் கல்தான் போனது. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893ஆம் ஆண்டில் சார்னாக்கின் பெயரையே அப்பாறை வகைக்குச் சூட்டினார். பெயர் அங்கிருந்து திரும்பி, இந்த மலை முழுவதிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.