அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு?

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு நாள் காலையில், வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குமட்டலோடு மிடறு மிடறாக விழுங்கிக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்கு சர்க்கரை, பாட்டிக்கு சர்க்கரை, பெரிய மாமாவுக்குக் காலையே எடுத்துட்டாங்க. எனக்கு மட்டும் வராம இருக்குமா, ரத்தத்துலயே இருக்கே" என்றார். அந்த வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ரத்தத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு? 2006-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். டைப் 2 சர்க்கரை நோயோடு தொடர்புள்ள பொதுவான மாறுபாடுகளில் வலுவானவற்றுள் இது ஒன்று. அடுத்த ஆண்டே சென்னை மக்களிடமும் இதே தொடர்பு உறுதியானது. நாம் சாப்பிட்டதும் குடல் சில ஹார்மோன்களைச் சுரந்து, 'சாப்பாடு வருகிறது, இன்சுலினை விடு' என்று கணையத்துக்குச் சொல்லும். இந்த மாறுபாடு உள்ளவர்களின் கணையத்துக்கு அந்தச் சேதி அவ்வளவாக உறைப்பதில்லை.

இத்தனை வலுவானது என்கிறோமே, அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் இது வந்தால்கூட ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவுதான். மற்றவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் துளித்துளி. ஒரே மரபணு ஆளையே சாய்க்கும் இடமும் உண்டு, கிரீன்லாந்து. அங்கே நூற்றில் சுமார் நான்கு பேருக்கு டிபிசி1டி4 என்ற மரபணுவின் இரண்டு பிரதியிலும் பழுது, தசை சர்க்கரையைச் சரியாக உள்ளே இழுக்காது, ஆபத்து பத்து மடங்கு. அது ஒரு விதிவிலக்கு, நம் குடும்பங்களின் கதை அப்படியில்லை.

சரி, நம்முடைய டிசிஎஃப்7எல்2 மாறுபாடே இரண்டு பிரதியும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2002-ல் வந்தது. வாரம் 150 நிமிடம் நடை, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு, இவ்வளவுதான் இலக்கு. நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31. அப்புறம் அவர்களின் மரபணுவையும் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில், இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு நோய் வரும் வேகம் மாறுபாடே இல்லாதவர்களைவிட 80 சதவீதம் அதிகம். நடந்து, எடையைக் குறைத்தவர்களிலோ அந்த வித்தியாசம் 15-க்குச் சுருங்கிவிட்டது, அதைத் திட்டவட்டமான வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, என் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று.

இரண்டு மணி நேரம் கழித்து அந்த அம்மாவுக்கு 152 வந்தது. 140-க்கு மேல், 200-க்குக் கீழ், அதாவது அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் நின்ற அதே வாசல். மரபணு சோதனை எடுக்கணுமா என்று கேட்டார். வேண்டாம், அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்தது என்று நீங்கள் சொன்னதே போதும், அதுதான் உங்கள் மரபணு அறிக்கை என்றேன். வீட்டில் 26 வயதில் மகள் இருக்கிறாளாம், அவளுக்கு ஒருமுறைகூடச் சர்க்கரை பார்த்ததில்லையாம். சனிக்கிழமை அவளையும் வெறும் வயிற்றோடு கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.