டோக்கியோவுக்கு லண்டன் வழியாகவா?

(சென்னையில் ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர்களிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கன்ஜி பயம், சீனத்திலிருந்து ஜப்பானியம் எடுத்துக்கொண்ட எழுத்துகள் மீதுள்ள பயம். அன்றாடப் புழக்கத்துக்கென்று ஜப்பானிய அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். அதில் ஒன்றை மட்டும் பாருங்கள், ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' என்னும் சொல்லில் வரும்போது அதன் ஒலி 'செய்', வேகாத பொருளைக் குறிக்கும்போது 'நாமா', 'பிறத்தல்' என்னும் வினையில் 'உ'. எழுதி எழுதித்தான் பழக வேண்டும், என்னிடம் குறுக்குவழி கிடையாது. நான் பேச வந்தது வேறு விஷயம்: தமிழ் தெரிந்த நாம் ஜப்பானியத்தை ஏன் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் படிக்கிறோம்?

நகோயாவில் நான் முதலில் தங்கிய வீட்டில், காலையில் கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்' சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா பழக்கிவிட்டார். என் பாடப்புத்தகம் அதற்கு 'நான் கிளம்புகிறேன்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பொருள் போட்டிருந்தது. மூன்று மாதம் அப்படியே ஒப்பித்தேன். ஒருநாள் வாசலில் ஷூ மாட்டும்போதுதான் உறைத்தது. 'இத்தே' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். அட, போய் வருகிறேன்! உள்ளேயிருந்து அந்த அம்மா சொல்லும் 'இத்தேராஷ்ஷாய்' நம்முடைய 'போயிட்டு வாங்க'. வெறுமனே 'போறேன்' என்று சொன்னால் அடிக்க வரும் பாட்டி கையில் வளர்ந்தவன் நான். எனக்கு இதைச் சொல்லித்தர ஆங்கிலம் எதற்கு?

அன்றிலிருந்து புத்தகத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். 'தபேதே மிரு' என்பதற்கு 'முயற்சி' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் விளக்கம் இருந்தது. தபேதே, சாப்பிட்டு. மிரு, பார். சாப்பிட்டுப் பார், அவ்வளவுதான். 'கைதே ஒகு', எழுதி வை. 'நேற்று வந்த ஆள்' என்பதை அதே வரிசையில் அவர்களும் சொல்வார்கள். கொரே, சொரே, அரே என்று சுட்டு மூன்று. அதில் 'சொரே' எதிரே இருப்பவர் பக்கம் உள்ள பொருளுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் சிரிப்பீர்கள். உங்கள் 'உது' அதுதானே. நாம் இதை இழந்துவிட்டு ஆங்கிலம் வழியாகக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அப்புறம் இரட்டைக்கிளவி. நெஞ்சு படபடவென்று அடித்தால் 'தொகிதொகி', நட்சத்திரம் மினுமினுத்தால் 'கிராகிரா'. அகராதியில் அர்த்தம் தேடுவதைவிடக் காதால் கேட்டாலே பாதி புரியும்.

சரி, இந்த இடத்தில் வழக்கமாக யாராவது எழுந்து, 'அப்படியானால் ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததா?' என்பார்கள். ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் இருந்த சுசுமு ஓனோ இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். யாழ்ப்பாணத்து அறிஞர்கள் சண்முகதாஸும் மனோன்மணியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரியனும் துருக்கியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. ஜாடை ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லோரும் சித்தப்பா பிள்ளை ஆகிவிட முடியாது. எனக்கு உறவுமுறை தேவையில்லை, ஜாடை போதும். படிப்பதற்கு அது உதவுகிறது.

ஆனால் ஆங்கிலம் அவ்வளவு சீக்கிரம் தலையைவிட்டு இறங்காது. ஒரு கூட்டத்தில் எங்கள் விலைப்பட்டியலைப் பார்த்த வாடிக்கையாளர், 'கென்தோ ஷிமாஸ்' என்றார். பரிசீலிக்கிறோம். நானும் 'பரிசீலனையில் உள்ளது' என்று சென்னைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் காத்திருந்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தின்றுவிட்டு 'கலந்து பேசிட்டுச் சொல்றோம்' என்றால் நம் வீட்டில் யாராவது மண்டபம் பார்ப்பார்களா? அந்த மனிதர் அன்று அதைத்தான் சொன்னார். தமிழில் கேட்டிருந்தால் அங்கேயே புரிந்திருக்கும்.

தமிழே காலை வாரிவிடும் இடமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போன் வந்தது. வெளி நிறுவனத்துக்காரர், எங்கள் பிரிவுத் தலைவரைக் கேட்டார். நான் தலைவரின் பெயரோடு 'சான்' என்கிற மரியாதை ஒட்டைச் சேர்த்து, இருப்பதிலேயே மரியாதையான வினையைத் தேடிப் போட்டு, 'அவர்கள் இல்லை' என்றேன். பக்கத்து மேசைக்காரர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டுத்தாளில் இரண்டு சொல் எழுதி என் முன்னால் வைத்தார்: உச்சி, சொத்தோ. உள், வெளி. வெளி ஆளிடம் பேசும்போது நம் ஆளை உயர்த்தக் கூடாது. 'சான்' கிடையாது, வெறும் பெயர், வினையும் தாழ்த்திச் சொல்லும் வினை. அப்பாவும் அப்படித்தான். வீட்டில் அவர் 'ஒதோசான்', வெளியாரிடம் பேசும்போது 'சிச்சி'. நமக்கு மரியாதை என்பது ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பது, யாரிடம் பேசினாலும் அப்பா 'அவர்'தான். அங்கே கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறிவிடுகிறது.

அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு அழைப்பு. தலைவர் எனக்கு நேர் எதிரே வேறொரு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைவிட முப்பது வயது மூத்தவர். அவர் காதில் விழும்படி, அவர் பெயரை மொட்டையாகச் சொல்லி, 'இன்னொரு அழைப்பில் இருக்கிறான்' என்கிற தொனியில் பதில் சொன்னேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் ரிசீவரை வைத்ததும் எழுந்து போய், அதே வாயால் பெயரோடு 'சான்' சேர்த்து, யார் கூப்பிட்டார்கள் என்று சொன்னேன்.